என் மகளின் எடையும் எங்கள் நகரின் பூங்காவும்

என் மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது, பள்ளி வராந்தாவில் ஓர் எடை மெஷினை வைத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். ஏறி நின்ற ஒவ்வொருவரின் எடையையும் விளையாட்டு ஆசிரியர் சத்தமாகச் சொல்ல, ஓர் ஆசிரியை நோட்டில் எழுதிக்கொண்டார். என் மகள் ஏறினாள். எண்ணைச் சொன்னதும் வரிசை சிரித்தது. அந்த ஆசிரியரும் தன் பங்குக்கு, மெஷின் தாங்குமா பாருங்க என்றாராம்.

அன்று இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மூன்று நாள் மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. கேட்டால் பசிக்கவில்லை என்றாள். நாலாம் நாள் அவளுடைய பென்சில் டப்பாவுக்குள் எட்டாக மடித்த ஒரு தாளைப் பார்த்தேன். 'உடல் பருமன் - பெற்றோர் கவனத்திற்கு' என்று அச்சடித்திருந்தது. கீழே அறிவுரைகள். தினமும் ஒரு மணி நேரம் வெளியில் விளையாட விடவும். காய்கறி, பழம் அதிகம் கொடுக்கவும். நொறுக்குத்தீனி தவிர்க்கவும். பெற்றோர் கையெழுத்து. அதைக் காட்டிக் கேட்ட பிறகுதான் வராந்தாவில் நடந்ததைச் சொன்னாள்.

நான் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப எட்டரை ஆகும். கணவர் கத்தாரில் ஏசி மெக்கானிக். பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பதற்காகக் குடவாசல் பக்கத்துக் கிராமத்தை விட்டு பைபாசுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புது நகர் ஒன்றில் வாடகைக்கு வந்தோம். நகர் என்று பெயர்தான். வயலில் கல் நட்டு மனை போட்டு விற்ற இடம். தார் ரோடு கிடையாது. ஐப்பசி மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் சாக்கடையாகிவிட்ட பாசன வாய்க்கால், இன்னொரு பக்கம் லாரிகள் நிற்காமல் ஓடும் பைபாஸ், தெருமுனையில் மதுக்கடை. மகள் நாலரைக்கு ஆட்டோவில் வந்து இறங்குவாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எனக்கு போன் செய்ய வேண்டும். நான் வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது. இதைச் சட்டமாக்கியவள் நான்தான். பதினோரு வயதுப் பெண் பிள்ளையை அந்தத் தெருவில் தனியாக விளையாட விட எந்தத் தாய்க்குத் தைரியம் வரும்?

அந்த நாலு மணி நேரத்துக்கு அவளுக்குத் துணை டிவியும் பாக்கெட் தீனியும். எங்கள் தெருவில் மூன்று பெட்டிக்கடை உண்டு. மூன்றிலும் தோரணம் மாதிரி பாக்கெட்டுகள் தொங்கும். ஒன்றில்கூட ஒரு கட்டுக் கீரை கிடைக்காது. காய் வேண்டுமென்றால் பஸ் ஏறி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அது திறந்திருக்கிற நேரமெல்லாம் நான் கடையில் யாருக்கோ சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருப்பேன். வாரம் ஒருநாள் வாங்கி வைக்கிற காய் மூன்று நாள் வரும். அதன்பிறகு சோறு, ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு. இல்லையென்றால் வருகிற வழியில் பரோட்டா.

கையெழுத்துப் போட்ட தாளை நானே எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியை உட்காரச் சொன்னார். நான் என்ன கேட்க வந்தேன் என்று விசாரிக்காமலேயே, வீட்ல என்னங்க குடுக்குறீங்க என்று ஆரம்பித்தார். பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். பிறகு, பிள்ளைகளை எல்லார் முன்னாலும் எடை சொல்லிச் சிரிக்க வைத்தது எந்தப் பாடம் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. சார் விளையாட்டாச் சொல்லியிருப்பார் என்றார். ஜன்னலுக்கு வெளியே பள்ளி மைதானம் தெரிந்தது. அதில் பள்ளி பஸ்கள் வரிசையாக நின்றன. வாரத்தில் இரண்டு விளையாட்டு வகுப்பு. இரண்டையும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார் என்று மகள் சொல்லியிருந்தாள். கேன்டீனில் பப்ஸும் கூல்டிரிங்க்ஸும். அதையும் கேட்டேன். "அதெல்லாம் மேனேஜ்மென்ட்ங்க. நீங்க முதல்ல டாக்டரப் பாருங்க" என்றார்.

டாக்டரைப் பார்த்தோம். ஊரின் மறுபக்கத்தில், பெரிய வீடுகளும் வேப்ப மரங்களும் உள்ள தெருவில் அவருடைய கிளினிக். மகளை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. என்னைப் பார்த்தார். அம்மாவே இப்படி இருந்தால் பிள்ளை எப்படி இருக்கும் என்றார். நான் பத்து மணி நேரம் நின்று வேலை செய்பவள். கால் வீங்கி, உடம்பு ஊதி, கையில் கிடைத்ததைத் தின்றுவிட்டுப் படுப்பவள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஓட்ஸ், ஆப்பிள், பாதாம் என்று எழுதிக் கொடுத்தார். சாயந்திரம் ஒரு மணி நேரம் வாக்கிங் கூட்டிப்போகச் சொன்னார். எங்கள் பக்கம் நடக்க இடமில்லை என்றேன். இந்தத் தெருக் கடைசியில் அருமையான பார்க் இருக்கிறது, அங்கே வாருங்கள் என்றார். ஏதோ நாங்கள் அடுத்த வீட்டில் குடியிருப்பதுபோல.

அன்று இரவு கணவரிடம் போனில் சொன்னேன். டாக்டர் சொன்னபடி செய் என்றார். போன மாதம்தான் ஊருக்கு வந்த நண்பரிடம் ஒரு பை நிறைய சாக்லேட் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வருஷத்தில் ஒரு மாதம் முகம் காட்டுகிற அப்பா வேறு எதைத்தான் அனுப்புவார்?

எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அந்தப் பூங்காவுக்குப் போனேன். உண்மையிலேயே அருமையான இடம். நடப்பதற்குத் தளம் போட்ட பாதை, நிழல், குடிநீர்க் குழாய், ஊஞ்சல்கள். டாக்டரின் தெருவுக்கு அது இருந்தது. அதே மாநகராட்சிதான், நாங்களும் அதே ஊர்தான். அங்கே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். ஒல்லியாக, சிவந்த கன்னங்களோடு, விலையுயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு. முன்பெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைதான் குண்டாக இருக்கும் என்பார்கள். எப்போது இது தலைகீழானது என்று யோசித்துக்கொண்டே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மகள் ஊஞ்சலில் ஏறினாள். பக்கத்து ஊஞ்சலில் அவள் வயதிலேயே ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். நாலு தடவை ஆடியிருப்பாள். பூங்காக் காவலாளி தடியோடு வந்தார்.

"பாப்பா, எறங்கு. இது சின்னப் புள்ளைங்க ஆடுறது. நீ ஏறினா சங்கிலி அறுந்துரும்."

பக்கத்து ஊஞ்சல் நிற்கவில்லை. அந்தப் பெண்ணை அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் இறங்கி, கையால் பாவாடையைச் சரிசெய்தபடி நின்றாள். நான் எழுந்து போனேன். காவலாளி என்னிடம், எந்தத் தெருங்க நீங்க என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். இது அரசாங்கப் பூங்கா, எந்தத் தெருவாக இருந்தால் உனக்கென்ன என்று கத்தியிருக்க வேண்டும். நடந்துகொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். நான் அவளைத் திட்டினேன். நீ ஏன் அதில் ஏறினாய், நடக்கத்தானே கூட்டி வந்தேன், உன்னால் நான் எத்தனை பேரிடம் பேச்சு வாங்குவது என்றேன். காவலாளியிடமும் டாக்டரிடமும் ஆசிரியையிடமும் காட்டத் தெரியாத கோபம் முழுவதையும் அந்தப் பிள்ளை மேல் கொட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "நான் இனிமே சாப்பிடலம்மா" என்றாள்.

அடம் இல்லை, அழுகை இல்லை. நிறைய யோசித்து முடிவுக்கு வந்தவள் மாதிரிச் சொன்னாள். அவள் வயதில் நான் ஒல்லியாகத்தான் இருந்தேன். அதை ஆரோக்கியம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அம்மாவோடு நாற்றுப் பறிக்கக் கூலிக்குப் போய், மதியம் ஒரு வேளைச் சோற்றுக்குக் காத்திருந்தவள் வேறு எப்படி இருப்பாள்? என் அம்மா கொடுக்க இல்லாமல் பட்டினி போட்டாள். இப்போது என் பிள்ளை தானாகப் பட்டினி கிடக்கப் போகிறேன் என்கிறாள். அன்றைக்குச் சாதத்தைப் பிசைந்து நானே ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை இதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். அவர் கணவர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வேன் ஓட்டுகிறார். அக்கா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து நகர் முழுவதும் விற்பவர். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், அவர்களும் கதவுக்குப் பின்னால்தான் வளர்ந்தார்கள். நான் அழுது முடிக்கும்வரை கிரைண்டரை நிறுத்தி வைத்திருந்தார். பிறகு உள்ளே போய் வீட்டுப் பத்திரக் கட்டை எடுத்து வந்தார். அவர்கள் வீடு சொந்த வீடு. அந்தப் பத்திரங்களோடு நகரின் மனை வரைபடம் இருந்தது. விரலை வைத்துக் காட்டினார்.

"படிச்சுப் பாருங்க. என்ன போட்டுருக்கு?"

'சிறுவர் பூங்கா' என்று போட்டிருந்தது. நான் தினமும் பஸ்ஸுக்கு நடந்துபோகும் வழியில் கம்பி வேலி போட்டிருந்த இடம் அது. 'தனியாருக்குச் சொந்தமானது' என்று தகரப் பலகை வைத்து, உள்ளே செங்கல்லும் மணலும் குவித்திருந்தார்கள். மனை போட்டு விற்றவர் அதைத் தன் கட்டட வேலைக்குக் கிடங்காக்கி வைத்திருந்தார். பூங்காவுக்கென்று தானப் பத்திரம் எழுதி மாநகராட்சியிடம் ஒப்படைத்த இடம் என்று வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதியிருந்தது. அக்காவைத் தவிர நகரில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்குள் ஏதோ திரும்பிக்கொண்டது அப்போதுதான். அதுவரை எல்லாரும் என்னிடம் என்ன சமைக்கிறாய் என்றுதான் கேட்டார்கள். பிள்ளையின் உடம்பை அடுப்படியில் வைத்து விசாரித்தார்கள். நானும் என் கையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் விளையாடுவதற்கென்று இருந்த மண்ணில் ஒருவர் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார் என்பது எந்த அறிவுரைத் தாளிலும் இல்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அக்காவும் நானும் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். மனு மாநகராட்சிக்குப் போனது. அங்கிருந்து தாசில்தார் அலுவலகத்துக்குப் போனது. ஒவ்வொரு இடத்துக்கும் நாங்கள் அதன் பின்னால் போனோம். ஒரு அலுவலகத்தில், வீட்டில் ஆம்பளைங்க இல்லையா என்று கேட்டார்கள். இன்னொன்றில், பார்க் கேட்டு வருகிற முதல் ஆள் நீங்கள்தான், எல்லாரும் ரோடுதான் கேட்பார்கள் என்று சிரித்தார்கள். நான்கு மாதம் கழித்து சர்வேயர் ஒருவர் வந்தார். துணைக்கு ஆள் இல்லாததால் டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்தேன். வெயிலில் நின்று பொறுமையாக அளந்தார், நல்ல மனிதர்.

"இது பார்க் எடந்தாங்க. அப்படியே எழுதிக் குடுத்துடுறேன். காலி பண்றது என் கையில இல்ல" என்றார்.

எழுதியும் கொடுத்தார். ஆனால் காலி செய்யத்தான் யாரும் வரவில்லை. நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று ஒரு கடிதம் வந்தது. அதை எத்தனை தடவை படித்தேனோ! யார் எடுக்கிறார்கள், எப்போது எடுப்பார்கள் என்று அதில் ஒரு சொல் கிடையாது.

பொங்கல் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம், வேலியில் இருந்த இடைவெளி வழியாக அக்காவும் நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனோம். மணல்மேட்டுக்கும் செங்கல் அடுக்குக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம். பிள்ளைகள் முதலில் திருடர்கள் மாதிரி நின்றார்கள். பிறகு யாரோ ஒருத்தி ஓட ஆரம்பித்தாள். மறுநாளிலிருந்து அக்கா தினமும் ஐந்து மணிக்கு மாவுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு அங்கே போய் நின்றார். என் மகளையும் கதவைத் திறந்து கூட்டிப்போனார். அந்த வாரமே பத்துப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய் மனைக்காரரின் மேனேஜர் பைக்கில் வந்தார். பிள்ளைங்க மேல கல்லு விழுந்தா யாரு பொறுப்பு என்றார். கல்லை எடுத்துவிட்டால் விழாது என்றார் அக்கா. நான் வரைபடத்தின் நகலைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"பொம்பளைங்க இதுல தலையிடாதீங்கம்மா. வீட்டுக்காரர வரச் சொல்லுங்க, பேசிக்கிறோம்."

"அவரு கத்தார்ல ஏசி மாட்டிட்டு இருக்காருங்க. எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டாக்டர் தெருப் பூங்காவில் வராத குரல் அது. அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஒரு லாரி வந்து, வேலி இடைவெளிக்கு நேராக ஒரு லோடு ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனது.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மாவு வாங்குகிற பெண்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும். பதினைந்து பெண்கள் வந்தார்கள். சிமென்ட் சட்டி, அன்னக்கூடை, பழைய வாளி, கையில் கிடைத்ததெல்லாம் வந்தது. அந்த ஜல்லியை அள்ளிக்கொண்டுபோய், மழைக்காலத்தில் பிள்ளைகள் விழுந்து எழும் எங்கள் தெருப் பள்ளங்களில் கொட்டினோம். மதியத்துக்குள் ஒரு லோடும் தெருவில் இறங்கிவிட்டது. என் உள்ளங்கைகள் கொப்பளித்துவிட்டன. அந்த வருஷம் முழுவதிலும் எனக்கு நெஞ்சு லேசான நாள் அது ஒன்றுதான்.

ஜல்லி திருட்டு என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்குப் பதினைந்து பேரும் போனோம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. சர்வேயரின் குறிப்பையும் மனுக்களின் ரசீதுகளையும் மேஜையில் வைத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் படித்தார். அடுத்தவர் பொருளை எடுத்தது தப்பு என்று எங்களைக் கண்டித்தார். பிறகு மனைக்காரரை போனில் கூப்பிட்டு, அரசாங்க இடத்தில் எதற்கு உங்கள் ஜல்லியைக் கொட்டினீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் செங்கல் போனது, மணலும் போனது. தகரப் பலகை போய் மாநகராட்சிப் பலகை வந்தது. ஆனால் இடத்தின் பின்பாதியில் ஏற்கெனவே ஒரு ஷெட் கட்டியிருந்தார்கள். அது கோர்ட்டில் இருக்கிறது என்கிறார்கள். ஷெட் இன்றைக்கும் நிற்கிறது. எங்களுக்குக் கிடைத்தது பாதிப் பூங்கா.

அதற்கு நான் கொடுத்தது என் வேலை. அத்தனை லீவுக்குப் பிறகு, சாயந்திரம் ஐந்தரைக்கு விடுங்கள் என்று கேட்டேன். ஜவுளிக்கடைக்குக் கூட்டம் வருவதே ஐந்தரைக்குத்தான் என்றார் மேற்பார்வையாளர். நின்றுவிட்டேன். இப்போது வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன், காலையில் அக்காவோடு மாவு அரைக்கிறேன். வருமானம் குறைந்துவிட்டது. ஒரு பிள்ளை ஒரு மணி நேரம் ஓடுவதற்கு ஒரு தாய் வேலையை விட வேண்டியிருக்கிறது. அந்த வேப்பமரத் தெருவில் யாராவது இந்த விலையைக் கொடுத்திருப்பார்களா?

மகளை அரசு ஆஸ்பத்திரியில் காட்டினேன். அங்கே ஒரு பெண் டாக்டர் முதலில் அவளிடம் பேசினார். என்ன விளையாடுவாய், எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்று கேட்டார். பிறகு என்னிடம், "எடையக் குறைக்கணும்னு வதைக்காதீங்க. வளர்ற புள்ள. இதுக்கு மேல வேகமா ஏறாமப் பாத்துக்குங்க, உயரம் வந்தாச் சரியாகும்" என்றார். வெளியே வந்ததும் மகள், அந்த டாக்டர் என்னைப் பார்த்துப் பேசினாங்கம்மா என்றாள்.

இப்போது எட்டாம் வகுப்பு. ஒல்லியாகிவிடவில்லை. வகுப்பில் இன்னும் அவள்தான் பெரிய பிள்ளை. ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அக்காவின் பிள்ளைகளோடு ரிங்பால் ஆடுகிறாள், தோற்றால் சண்டை போடுகிறாள்.

சென்ற ஆடி மாதம் அந்தப் பாதிப் பூங்காவுக்குத் திறப்பு விழா நடத்தினார்கள். ஷாமியானா போட்டு, மைக் கட்டி, தங்கள் முயற்சியால் வந்த பூங்கா என்று மூன்று பேர் பேசினார்கள். அக்காவும் நானும் கடைசி வரிசையில் நின்று கேட்டோம். முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லட்டும் ஒரு பாட்டில் கலர் சோடாவும் கொடுத்தார்கள். என் மகள் லட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைத் தேடிப் பார்த்தாள். சாப்பிடலாமா என்று கண்ணால் கேட்டாள்.

அந்தப் பார்வையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. நான் சாப்பிடு என்று தலையாட்டினேன். அப்படியும் அவள் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அவசரமாகத் தின்று முடித்தாள்.